பேய் சொன்ன வாக்குமூலம் கோட்டில செல்லுமா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒரு நாவல் எழுதிட்டு இருக்கன். வாவிக்கரையில ஒரு கொலை, செஞ்சவன் பேய் பிடிச்ச ஒருத்தன், விசாரிக்கிறது மட்டக்களப்பு எஸ்ஐ ஒருத்தர். பாதி வாசிச்ச கூட்டாளி சொல்றான் பொலிசும் பேயும் ஒரு கதைக்குள்ள ஒட்டாது, ஒண்டைத் தூக்கு எண்டு. எதைத் தூக்கிறது?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ரெண்டையும் தூக்காதீங்க தம்பி. எனக்கு ஒம்பது வயசு இருக்கும், மாமி ஒராளுக்குப் பேய் பிடிச்சிட்டு எண்டு பூசாரியக் கூட்டி வந்தாங்க. வளவெல்லாம் சாம்பிராணிப் புகை, அவர் உடுக்கை நிப்பாட்டிப்போட்டு வேப்பிலையால ஒரு தட்டுத் தட்டிக் கேக்கிறார், நீ ஆரு, எங்க இருந்து வந்த, எந்த இடத்தில இவளப் புடிச்ச, உன்னோட இன்னும் ஆரு நிக்கிற, என்ன தந்தாப் போவாய். மாமி வேற ஒரு குரல்ல பதில் சொல்றா, ரெண்டு தரம் பேரை மாத்திச் சொன்னா, அவர் விடல்ல, முதல் ஒண்டு சொன்ன இப்ப வேற சொல்ற எண்டு மடக்கிப் புடிச்சு, கடைசியில கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் வாங்கினாப்புறகுதான் விட்டார். மறுகா கனகாலம் கழிச்சு எங்கட சைக்கிள் களவு போய் என்றி, அதாவது முறைப்பாடு, போட பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கில குந்தியிருக்கன், பக்கத்தில சார்ஜன் ஒரு பொடியனைக் கேக்கிறார், பேர் என்ன, எங்க இருந்து வந்த, கூட ஆரு. அதே வரிசை! எனக்கு மாமிட முகம்தான் வந்திச்சு. பேயோட்டுறதும் விசாரணைதான் தம்பி, உங்கட நாவல் அந்த ரெண்டு விசாரணைக்கும் நடுவிலதான் கிடக்கு.

இப்ப சட்டத்தைப் பாருங்க, இது உங்களுக்குப் பொன் மாதிரி. எங்கட இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுச் சட்டம். அதில 25ஆம் பிரிவுப்படி பொலிசுக்கிட்ட "நான்தான் கொலை செஞ்சன்" எண்டு ஒத்துக்கொண்டதைக் கோட்டில அவனுக்கு எதிராப் பாவிக்க ஏலாது. 26ஆம் பிரிவுப்படி பொலிஸ் காவல்ல இருக்கக்குள்ள வேற ஆருக்கிட்டச் சொன்னாலும் அப்பிடித்தான், நீதவானுக்கு முன்னால சொன்னாத்தான் எடுப்பாங்க. ஆனா கைது செய்ய முந்தி, பூசாரிக்கிட்டச் சொன்னா? அந்த ரெண்டு பிரிவும் அதை மறிக்காது. அப்ப உங்கட எஸ்ஐ என்ன செய்வார், ஆளைப் புடிக்காம வேலிக்கு அங்கால இருட்டுக்குள்ள நிண்டு சடங்கு முடியுமட்டும் காத்திருப்பாரா, புடிச்சா 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டு போகோணுமே. இன்னும் ஒண்டு, 27ஆம் பிரிவு. காவல்ல இருக்கிறவன் சொன்ன இடத்தில போய்த் தேடிச் சாமான் அம்பிட்டா, அந்தச் சாமானோட பட்ட பேச்சு மட்டும் சாட்சியமாகும். கூண்டுக்குள்ள இருக்கிறவன் வேற குரல்ல "கத்தி பாழ்ங்கிணத்துக்குள்ள கிடக்கு" எண்டுறான், போய்ப் பாத்தா கிடக்கு. அதைச் சொன்னது ஆரு, கோட்டில ஆருட பேரை எழுதுற? இதை விட்டுப்போட்டுக் கண் சிவந்து பறக்கிற பேயை எழுதினா எனக்குக் கவலையா இருக்கும்.

பொலிஸ் வேலையையும் கிட்ட நிண்டு காட்டுங்க. வாவியில ரெண்டு நாள் கிடந்த உடம்பில உதடும் காதும் இருக்காது, நண்டும் மீனும் திண்டிரும், கரையில நிக்கிற சனம் பேய் கடிச்சது எண்டு சொல்லும், சட்ட வைத்திய அதிகாரி வந்து பாத்துட்டு அதில்ல, கழுத்தில இருக்கிற காயத்தைப் பாரு எண்டுவார். அதோட வாக்குமூலம் எழுதுற பாஷை. தமிழ்ல அழுது சொன்னதை ஒராள் சிங்களத்தில எழுதி, கீழ கையெழுத்து வை எண்டு நீட்டக்குள்ள, தான் என்ன சொன்ன எண்டு தனக்கே தெரியாம ஒப்பம் வைச்ச அம்மாமார் எங்கட பக்கம் கனபேர். ஒராள் சொன்னது இன்னொரு ஆளுட பாஷையில கிடக்கிறது பேய் பிடிச்ச மாதிரித்தானே, அதையும் கதைக்குள்ள கொண்டு வாங்க தம்பி.

கேள்வி: பேய்க்கதை எண்டா எல்லாரும் ரத்தம் குடிக்கிற வெள்ளைக்காரப் பேயைத்தான் எழுதுறாங்க. எங்கட ஊர்ப் பேய் ஒண்டு சொல்லுங்களன்?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: கொத்தி, தங்கச்சி. புள்ளப்பெத்த வீட்டுப் பக்கம் அலையிற பேய். அதுக்குப் பயந்துதான் தலகாணிக்குக் கீழ இரும்புத்துண்டு வைச்சதும், வாசல்ல வேப்பிலை சொருகினதும். வலிப்பு வந்தோ ரத்தம் போயோ செத்த தாய்மார் எத்தின பேரைக் கொத்தி கொண்டு போயிட்டு எண்டு சொல்லி எரிச்சிருப்பாங்க, அதில ஒண்டு உண்மையில கொலையா இருந்தா? எழுதுங்க, வாசிக்க ஆசையா இருக்கன்.

கேள்வி: நாங்க முஸ்லிம் ஆக்கள், ஜின்னை வைச்சுத் துப்பறியும் கதை எழுதினாப் பிழையா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மார்க்கத் தீர்ப்பு மௌலவிக்கிட்டக் கேளுங்க தம்பி, நான் கதையைப் பத்தி மட்டும் சொல்றன். குர்ஆனில 72ஆவது அத்தியாயத்துக்குப் பேரே ஜின். அதில ஜின்களே சொல்லுதுகள், எங்களுக்குள்ள நல்லவங்களும் இருக்காங்க, அப்பிடி இல்லாதவங்களும் இருக்காங்க எண்டு. அப்ப ஜின்னைக் கொலைகாரனாத்தான் வைக்கோணும் எண்டு இல்ல. நடந்ததைக் கண்ட சாட்சியா வையுங்க, ஓத வந்த மௌலவிக்கு மட்டும் அது தெரியட்டும், அவர் ஸ்டேஷன் வாசல் மட்டும் வந்து உள்ள போய் எப்பிடிச் சொல்றது எண்டு தெரியாம நிக்கிற இடத்தில முதல் அத்தியாயத்தைத் துவங்குங்க.