சாவி ஏன் உங்கள் பையில்?

கேள்வி: வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது கை கழுவும் முறையைப் பற்றிச் சொன்னால், "வெளிநாடு போனதும் நாங்கள்லாம் அழுக்காத் தெரியுறோமா?" என்று அத்தை கோபித்துக்கொள்கிறார். இனி வாயே திறக்காமல் இருந்துவிடவா?

பதில்: அப்படி மட்டும் இருந்துவிடாதீர்கள், சகோதரி. இதே கோபத்தை நானும் சம்பாதித்தவன்.

பதினோரு வருடம் வெளிநாட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். அங்கே வேலையைத் தொடங்கும் முன் மெயினை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை மாட்டி, சாவியை நம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நாம் வயரில் கை வைத்திருக்கும்போது வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட முடியாது. ஊர் திரும்பியதும் பழைய கூட்டாளிகளிடம் எதற்கெடுத்தாலும் "அங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். ஒரே மாதத்தில் என்னைக் கண்டாலே நகர்ந்து போனார்கள். அப்புறம் பேச்சை விட்டுவிட்டு, என் வேலைக்கு மட்டும் பூட்டுப் போட்டேன். சில வாரம் கழித்து ஒரு பையன், "சாவியை ஏண்ணே பையிலேயே வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். உட்கார வைத்துச் சொன்னேன். பழைய போர்டுகளில் பூட்டு மாட்ட இடமே இருக்காது. "அப்ப ஃப்யூஸ் கேரியரையே கழற்றிப் பையில போட்டுக்கலாமே" என்றான் அவன். ஃப்யூஸ் கம்பி மாட்டியிருக்கும் அந்தக் கட்டையைக் கழற்றிவிட்டால் கரண்ட் வராது. பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை!

பெகி லெவிட் என்ற சமூகவியலாளர், டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்திலிருந்து பாஸ்டனுக்குப் போனவர்களை ஆராய்ந்து, பணத்தோடு எண்ணங்களும் பழக்கங்களும் ஊருக்குப் போகின்றன என்று 1998-இல் எழுதினார். ஆனால் போனது அப்படியே வேர் பிடிப்பதில்லை, ஊரில் ஏற்கெனவே இருப்பதோடு கலந்துதான் நிலைக்கிறது என்பதும் அவர் கண்டது. அந்தப் பையனின் ஃப்யூஸ் கேரியரை நினைத்தால் எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

சரி, அத்தை விஷயத்துக்கு வருவோம். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். அவர் பக்கத்தில் நின்று விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று பொறுமையாகத் தேய்த்துக் கழுவுங்கள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டால் அப்போது சொல்லுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் இதை எப்படிச் செய்வது என்று நீங்களும் அவரிடம் கேளுங்கள். வீட்டுத் தண்ணீரைப் புழங்குவதில் உங்களைவிட அவருக்கு அனுபவம் அதிகம்.

விடுமுறை முடிந்ததும் அத்தை என்ன வழி சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.