கல்லாவில் தெரியாத செலவு: வணிகவியல் மாணவர் கேள்வி பதில்

பிளஸ் டூ, பி.காம் பிள்ளைகளுக்கான நேரம் இது. பாடச் சந்தேகம், கடைக்கணக்கு எதுவும் கேட்கலாம். எந்த ஷேர் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் வராது.

சார், 80 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்றால் லாபம் 20 சதவீதமா, 25 சதவீதமா? அப்பா ஒன்று சொல்கிறார், டியூஷன் சார் வேறு சொல்கிறார்.

இரண்டு பேரும் சரிதான். அடக்க விலைக்கு 25, விற்பனை விலைக்கு 20. குழப்பினால் பரீட்சையில் ஒரு மதிப்பெண் போகும், கடையில் முதலே போகும். '25 சதவீதம் லாபம் இருக்கே, ஆடித் தள்ளுபடியாக 20 கொடுத்தாலும் அஞ்சு நிற்குமே' என்று நினைப்பவர்கள் உண்டு. நூறில் 20 தள்ளினால் கையில் வருவது 80. அது வாங்கின விலை. கரண்ட் பில்லைக் கைக்காசில்தான் கட்ட வேண்டும்.

வாய்ப்புச் செலவு புரியவில்லை சார். எங்களுக்குச் சொந்தக் கட்டடத்தில் மளிகைக் கடை. மாத விற்பனை 3 லட்சம். சரக்கு 2,55,000, கரண்ட், பை, கடைப் பையன் சம்பளம் எல்லாம் 12,000. வாடகை கிடையாது. மீதி 33,000 லாபம்தானே?

வருமான வரிக் கணக்குக்கு ஆமாம், 33,000. பொருளியல் கேட்பது வேறு: இந்தக் கடை இல்லாவிட்டால் இதே கட்டடமும் ஆளும் பணமும் எவ்வளவு சம்பாதிக்கும்? மூன்று விஷயம் சொல்லுங்கள், கணக்குப் போடுவோம். பக்கத்துக் கடை வாடகை எவ்வளவு? அப்பா வேறு வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும்? சரக்கில் முடங்கிய முதல் எவ்வளவு?

பக்கத்தில் இதே அளவு கடை 10,000 வாடகை. அப்பாவை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 18,000-க்குக் கூப்பிட்டார்கள். சரக்கு 4 லட்சம் இருக்கும்.

நாலு லட்சத்தை 6 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 2,000. பத்து, பதினெட்டு, ரெண்டு: ஆக 30,000. கடை நடத்துவதற்காக நீங்கள் விட்டுக்கொடுத்தது இவ்வளவு, வாய்ப்புச் செலவு என்பது இதுதான். 33,000-இல் இதைக் கழித்தால் 3,000 மிச்சம். இதுதான் பொருளியல் லாபம்.

இன்னொன்று. சாயங்காலம் கல்லாவில் யார் உட்காருகிறார்கள்?

அம்மா. 4 மணியிலிருந்து 9 வரை.

அந்த நேரத்துக்கு ஆள் வைத்தால்?

6,000 கேட்பார்கள்.

அப்படியானால் மாதம் 3,000 நஷ்டம். அம்மா சம்பளம் கேட்காததால் கடை லாபத்தில் ஓடுகிறது.

நான் வேறு ஆள் சார். கையை விட்டுப் போகாத காசை எப்படிச் செலவு என்கிறீர்கள்? வராத வாடகையை எந்த பேரேட்டில் எழுதுவது?

எதிலும் எழுதக் கூடாது. உரிமையாளர் தன் கட்டடத்துக்குத் தானே வாடகை கொடுத்ததாகக் காட்டினால் வரி அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார். பேரேடு நடந்ததைச் சொல்கிறது. வாய்ப்புச் செலவு, கடையைத் தொடரலாமா, வாடகைக்கு விடலாமா என்று முடிவெடுக்க உதவும் கணக்கு. கணக்குப்பதிவியல் தாளில் இதை எழுதினால் முட்டை, பொருளியல் தாளில் எழுதாவிட்டால் முட்டை.

இப்படிப் பார்த்தால் ஊரில் பாதிக் கடையை மூட வேண்டும் சார். அரைகுறைப் படிப்பு குடும்பத்தைப் பிரிக்கும்.

மூடச் சொன்னேனா? அந்த 18,000 ரூபாய் வேலை நிரந்தரமா, கட்டடத்துக்கு வாடகைதாரர் உடனே வருவாரா, அறுபது வயதில் யார் வேலை கொடுப்பார்கள், யாரிடமும் கைகட்டி நிற்காமல் இருப்பதற்கு என்ன விலை? இதையெல்லாம் வைத்து அந்தக் குடும்பம் மாதம் 3,000 போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்யலாம். தெரிந்து செய்வதைத்தான் சொல்கிறேன். குடும்பம் பிரிகிறதோ இல்லையோ, அம்மாவின் அஞ்சு மணி நேரம் இந்தக் கணக்கில்தான் முதல்தடவையாகக் கண்ணில் படுகிறது. நாட்டின் ஜி.டி.பி.யும் வீட்டில் சமைத்துப் போடுகிறவர் உழைப்பைச் சேர்ப்பதில்லை. அதே சமையலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் சேர்ந்துவிடும்.

கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசி, பருப்பு?

நல்ல கேள்வி. எடுப்புகள் (உரிமையாளர் தன் சொந்தத்துக்கு எடுத்தது) கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு, அடக்க விலையில். இதை எழுதாததால்தான் பல கடைகளில் 'வியாபாரம் நடக்குது, காசு எங்கே போகுதுன்னு தெரியல' என்கிறார்கள். ஒரு பாதி சமையலறைக்கும் இன்னொரு பாதி கடன் நோட்டுக்கும் போயிருக்கும். கடனுக்கு விற்றது லாபத்தில் வந்துவிடும், கல்லாவில் வராது.

ரிசர்வ் வங்கி நோட்டை அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தால் வறுமை போகாதா?

நோட்டை அச்சடிக்கலாம், அரிசியை அச்சடிக்க முடியாது. இருக்கிற அரிசிக்கு அதிக நோட்டு போட்டி போட்டால் விலை ஏறும். ஜிம்பாப்வே 2009-இல் நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு வெளியிட்டது, கொஞ்ச நாளில் அந்த நாணயத்தையே கைவிட்டது. இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. அங்கே மத்திய வங்கி அச்சடித்தது ஒரு காரணம். அந்நியச் செலாவணி வற்றியதும், 2021-இல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டதும் சேர்ந்துகொண்டன. தேர்வில் ஒரே காரணத்தை எழுதிவிட்டு வராதீர்கள்.

பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வருகிறது. கடையில் விலை குறையவே இல்லையே?

100 ரூபாய்ப் பொருள் போன வருடம் 106 ஆனது, இந்த வருடம் 108. ஏறும் வேகம் குறைந்தது, விலை குறையவில்லை.

எந்த ஷேர் வாங்கலாம் சார்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

ஒரு லட்சம் போட்டால் மாதம் 10,000 உறுதி என்கிறார்கள். முதல் மூன்று மாதம் சித்தப்பாவுக்குச் சரியாக வந்துவிட்டது.

வரத்தான் செய்யும். உங்கள் லட்சத்தைப் பெட்டியில் வைத்து மாதம் பத்தாயிரமாக உங்களுக்கே திருப்பிக் கொடுத்தாலும் பத்து மாதம் ஓட்டலாம். அதற்குள் சித்தப்பா பத்துப் பேரைச் சேர்த்துவிடுவார், அதற்காகத்தான் அந்த மூன்று மாதம். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019-இலேயே வந்துவிட்டது. போட வேண்டாம்.

அரசு ஏன் சார் நோட்டு அச்சடித்துக் கடனை அடைக்கக் கூடாது?

மேலே பாருங்கள்.

பைக் கடன் ஒரு லட்சம், 12 சதவீதம்தான் வட்டி, ஒரு வருடம், மாதம் 9,333 என்கிறார்கள். நல்ல வட்டியா?

'பிளாட்' என்ற சொல்லைக் கேட்டீர்களா? ஒரு லட்சத்துக்கு 12,000 வட்டி சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார்கள். மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், ஆனால் வட்டி கடைசி வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் இருப்பில், அதாவது மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், இது ஏறக்குறைய 21.5 சதவீதம். வங்கி சொல்லும் 12-உம் இதுவும் ஒன்றில்லை. 'குறையும் இருப்பில் எவ்வளவு' என்று எழுதி வாங்குங்கள்.

அந்த மாதம் 10,000 திட்டம் மாதிரி இல்லை சார், இது 5,000 தான். போடலாமா?

தம்பி, அது இருபது மாதம் ஓடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ சீட்டும் ஏமாற்றா?

இல்லை, அதை இதோடு சேர்க்காதீர்கள். சீட்டு 1982 சட்டப்படி பதிவு செய்து நடக்கும் சேமிப்பு, கடன் இரண்டும் கலந்த ஏற்பாடு. நடத்துபவருக்கு உச்ச கமிஷன் 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பிறகு 7. பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஷேர் பற்றி ஒரே ஒரு...

நாளைக்குத் தேர்வு இருக்கிறவர்கள் தூங்கப் போங்கள்.