படுவான்கரைக்கு ஒன்பது கார்கள்: முன் கார்க்காரனிடம் கேட்டவை

வருகிற ஞாயிறு எங்கள் கார் கிளப் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் போகிறது. ஒன்பது கார்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. காலை 6 மணிக்குக் கல்லடிப் பழைய பாலத்தடியில் கூடுகிறோம். காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலை. அப்புறம் வெல்லாவெளி, மண்டூர். பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடிக்கு வந்து, பெரிய வீதியால் வீடு. சில வருடமாக முன் கார் ஓட்டுகிறவன் என்பதால் கேள்விகளையெல்லாம் என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

கேள்வி (ஆரையம்பதி, வாகன் ஆர் கார்): அண்ணன், நான் லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம்தான். எல்லாரையும் சுணக்கிப்போடுவேனோ என்று பயமாக இருக்கு. கடைசியில வரட்டா?

பதில்: கடைசி மட்டும் வேண்டாம் தங்கச்சி. நீங்கள் இரண்டாவது, எனக்கு நேர் பின்னால். முன் கார் நிதானமாக 50இல் போனாலும், ஒவ்வொரு வளைவிலும் ஸ்பீட் பிறேக்கரிலும் விட்டுப்போன இடைவெளியைப் பிடிக்கக் கடைசிக் கார் 70, 80 என்று ஓட வேண்டிவரும். வால் ஆடும் ஆட்டம் தலைக்குத் தெரியாது. அதனால் புதியவர் முன்னால், பழம் தின்று கொட்டை போட்டவர் கடைசியில். இழுவைக் கயிறு, காற்றுப் பம்பு, ஜம்பர் வயர் எல்லாம் அந்தக் கடைசிக் காரில்தான் இருக்கும்.

கேள்வி (கல்லடி): காத்தான்குடிக்குள்ள ஒன்பது காரும் ஒட்டிக்கொண்டு போக ஏலுமா?

பதில்: ஏலாது, போகவும் கூடாது. நடுவில் பேரீச்சை மரம் நிற்கிற அந்த வீதியில் ஒருவர் தவறிப் போனால் திரும்பி வருவதற்கே தனி நேரம் வேண்டும். ஐந்து, நான்கு என்று இரண்டாகப் பிரிந்து, ஐந்து நிமிட இடைவெளியில் போவோம்.

ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள். திரும்ப வேண்டிய சந்தியில், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களைக் கண்டுவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஒரு காரைப் பார்த்தால் போதும், ஒன்பதும் தொலையாது. முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. முன்னால் நானே ராஜா என்று போய், மண்முனைச் சந்தியில் மூன்று கார்களைத் தொலைத்துவிட்டேன். அவர்கள் நேரே களுவாஞ்சிக்குடிக்குப் போய், அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்து போன் எடுத்தார்கள். இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கேள்வி (ஏறாவூர்): எல்லாரும் ஹஸார்ட் லைட் போட்டுக்கொண்டு வந்தால் ஒரே கூட்டம் என்று தெரியும்தானே?

பதில்: தெரியும் தம்பி. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது மட்டும் தெரியாது. ஹஸார்ட்டில் இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றாக மின்னும்போது தனியாகச் சிக்னல் போட்டாலும் பின்னால் வருகிறவருக்கு விளங்காது. அது நிற்கிற வண்டிக்கு உரிய லைட். கலியாண ஊர்வலம் போகவில்லை நாம்.

கேள்வி (வாழைச்சேனை): இரண்டு காருக்கு நடுவில் எவ்வளவு தூரம்?

பதில்: முன் கார் ஒரு மைல்கல்லைத் தாண்டிய பிறகு நீங்கள் அதற்கு வர மூன்று வினாடி ஆக வேண்டும். 60இல் போனால் அது 50 மீற்றர். புழுதி கிளம்பினால் இன்னும் கூட. நடுவில் ஒரு பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ புகுந்தால் கோபிக்காதீர்கள், அவர்களுக்கு வேலை இருக்கிறது. வேகம்: ஊருக்குள் 50, வெளியே 70. அது சட்டம். படுவான்கரைக்குள் எனக்கு 45 போதும்.

கேள்வி (செங்கலடி): இப்ப வெள்ளாமை வெட்டு. றோட்டில் பாதிக்கு நெல் காயுமே, என்ன செய்ய?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தேன். பெரும்போக அறுவடையில் ஈர நெல்லை யாரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்கள். ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். களம் இல்லாத விவசாயி தார் வீதியில் காயப்போடுகிறார். சரியா பிழையா என்ற விவாதத்தைக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு மேலே ஓடினால் அவருடைய மணி உடையும், உங்களுடைய ரயர் மணலில் போல வழுக்கும். அதற்குள் பிறேக் மிதித்தால் கார் சொன்னபடி கேட்காது. எனவே 20க்கு இறக்கி, மற்றப் பாதியால் போக வேண்டும். எதிரே லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) வந்தால் நாம் நிற்போம், அவர் போகட்டும். மூடை ஏற்றிய பெட்டியோடு அவர் பின்னால் எடுப்பது லேசான வேலை இல்லை. ஹோர்ன் அடித்து ஆட்களை எழுப்பாதீர்கள்.

வைக்கோல் இன்னொரு சங்கதி. படம் எடுக்க ஓரத்தில் நிறுத்துகிறவர்கள் காய்ந்த வைக்கோலுக்கு மேலே நிறுத்த வேண்டாம். ஓடி வந்த காரின் புகைக்குழாய், அதிலும் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர், பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். அடியில் வைக்கோல் சிக்கியிருந்தால் இழுத்து எறிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): வெல்லாவெளிப் பக்கம் யானை நின்றால்?

பதில்: அதற்காகத்தான் பின்னேரம் 4 மணிக்குள் பட்டிருப்புப் பாலம் தாண்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். பகலிலும் நிற்கலாம். நின்றால் தூரத்திலேயே நிறுத்துவோம். ஹோர்ன், லைட் அடிப்பு, இறங்கிப் படம் எடுப்பது ஒன்றும் கிடையாது. வரிசையாகப் போகும்போது உள்ள ஆபத்து என்னவென்றால், முன் கார் பின்னால் எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது. ரிவர்ஸ் கடைசிக் காரிலிருந்து தொடங்க வேண்டும். நான் போனில் "பின்னுக்கு" என்று ஒரு சொல் சொன்னால் கடைசிக் கார் உடனே நகர வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. போனை ஓட்டுகிறவர் தொடக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் பிடிக்கட்டும்.

கேள்வி (கல்முனை): நான் கிட்டங்கியால் வந்து மண்டூரில் சேரலாமா?

பதில்: தாராளமாக, கிட்டங்கித் தாம்போதி (தண்ணீர் மேலால் ஓடக்கூடிய தாழ்ந்த வீதி) காய்ந்திருந்தால். முதல் நாள் மழை பெய்து மேலால் தண்ணீர் ஓடினால் சுற்றிக் களுவாஞ்சிக்குடியால் வாருங்கள். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகள் அள்ளுண்டு போனார்கள். உழவு இயந்திரத்துக்கே அந்தக் கதி. இதில் என்னோடு வாதாட வராதீர்கள் மச்சான்.

கேள்வி (மட்டக்களப்பு நகரம், அக்குவா கார்): ஹைபிரிட் காருக்கு ஏதாவது விசேஷமாகப் பார்க்க வேண்டுமா?

பதில்: பின் சீற்றடியில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதைப் பாயும் சோற்றுப் பார்சலும் வைத்து அடைக்காதீர்கள். ரயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். அளவு கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

கேள்வி (அம்பாறை): ஒரே வெயிலும் வயலும்தானே, சேனநாயக்க சமுத்திரத்துக்கு வரலாமே?

பதில்: வரலாம் ஐயா, தனியாக ஒரு நாள். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கத்தை மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருவது அதற்கு மரியாதை இல்லை. படுவான்கரையை வெறும் வயல் என்று சொல்லவும் விடமாட்டேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் 'பாதை' என்கிற மிதவையில்தான் வாவியைக் கடந்தோம். ஒரு காரை ஏற்றிக் கரை சேர்வதே பயணம். கொக்கட்டிச்சோலைக் கோயிலில் புல் தின்றதாகச் சொல்கிற கல் நந்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மண்டூர்க் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்வதைப் பார்க்கலாம். இரண்டு கோயிலிலும் வாசலை மறித்து நிறுத்த வேண்டாம், அவ்வளவுதான்.

ஒரு வசதியும் உண்டு. காலையில் மேற்கே போகும்போதும் பின்னேரம் கிழக்கே திரும்பும்போதும் வெயில் முதுகில்தான். சூரியன் எழும் கரைக்கு எழுவான், படும் கரைக்குப் படுவான் என்று பேர் வைத்தவர்கள் நமக்காகவே வைத்த மாதிரி.

கேள்வி (காத்தான்குடி): எருமைத் தயிர் எங்கே வாங்குவது?

பதில்: வெல்லாவெளியில், மண்டூர் பார்த்துத் திரும்பும்போது. போகும்போதே வாங்கினால் பின் சீற்றெல்லாம் தயிர். சட்டியை டிக்கியில் வைக்காதீர்கள், காலடியில் துணி சுற்றி வையுங்கள். போன முறை எனக்கு வாங்கியது இன்னொருவருடைய காரில் கொட்டியது. அவர் இந்த முறை பெயர் கொடுக்கவில்லை.