பேக்கேஜ் சுற்றுலாவின் வரவேற்புக் கூட்டம்: போக வேண்டுமா, விட்டுவிடலாமா?

கேள்வி: அடுத்த மாதம் லண்டனிலிருந்து கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கு ஏழு இரவுகள் கொண்ட பேக்கேஜ் சுற்றுலா முதல் முறையாகச் செல்கிறோம். கணவர், இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் வருகிறார். போய் இறங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு ஹோட்டலில் நிறுவனப் பிரதிநிதியின் வரவேற்புக் கூட்டம் நடக்கும் என்று பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அது வெறும் விற்பனைக் கூட்டம், அந்த நேரத்தில் கடலில் குளிக்கலாம் என்று முன்பு போய்வந்த தோழிகள் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது நல்லது?

பதில்: உங்கள் குடும்பத்தில் ஒருவராவது போவது நல்லது. எல்லோரும் போக வேண்டியதில்லை. பிள்ளைகளையும் மாமியாரையும் உட்காரவைத்து அலுப்பூட்டவும் வேண்டாம். போகிறவர் தகவல் கேட்பதற்கும், முகம் தெரிந்துகொள்வதற்கும், குறை இருந்தால் பதிவு செய்வதற்கும் போகட்டும். பணம் கட்டும் முடிவை மட்டும் அன்று மாலைக்குத் தள்ளிவைத்துவிடுங்கள்.

தோழிகள் சொல்வதில் பாதி உண்மை. பிரதிநிதிகளின் வருமானத்தில் ஒரு பகுதி, அவர்கள் விற்கும் ஒருநாள் சுற்றுலாக்களுக்கும் வாடகைக் காருக்கும் கிடைக்கும் கமிஷனிலிருந்து வருவது இத்துறையில் நெடுங்கால வழக்கம். கூட்டத்தை முதல் நாள் காலையிலேயே வைப்பதற்கும் அதுவே ஒரு காரணம். ஊரைச் சுற்றிப் பார்த்து, தெருமுனை ஏஜென்சியின் விலைப்பலகையைப் படிப்பதற்கு முன் விருந்தினரைச் சந்தித்துவிட வேண்டும் என்பது கணக்கு. அரை மணி முதல் முக்கால் மணி வரை நடக்கும் கூட்டத்தில் ஹோட்டல் விவரம், பாதுகாப்பு, திரும்பும் நாள் ஏற்பாடு ஆகியவை முதலில் விரைவாக முடிந்துவிடும். மீதி நேரம் படங்களோடு சுற்றுலா விற்பனைதான். இதற்காக அந்தப் பிரதிநிதியைக் குறைவாக நினைக்க வேண்டாம். பருவகால வேலையில் பல ஹோட்டல்களை ஒருவராகப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களே இவர்களில் அதிகம். மரியாதையாகப் பேசி உதவி கேட்கும் குடும்பத்துக்கு, அது எதையும் வாங்காவிட்டாலும், மனமுவந்து ஓடியாடிச் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோழிகள் சொல்லாத மறுபாதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பிரிட்டனில் வாங்கிய பேக்கேஜுக்கு, 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பேக்கேஜ் பயண விதிமுறைகள் பொருந்தும். ஒப்பந்தத்தில் சொன்னபடி ஏதாவது இல்லையென்றால் பயணி அதைத் தாமதமின்றி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், நிறுவனம் அதை நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. கடல் பார்த்த அறை என்று பணம் கட்டியிருக்க, சன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு வீடு திரும்பிய பின் கடிதம் எழுதினால், அங்கேயே சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போமே என்ற பதில் வரும், இழப்பீடும் குறையும். முதல் நாள் காலையில் பிரதிநிதி உங்கள் எதிரில் நிற்கிறார். எல்லோர் முன்னிலும் கேட்காமல், கூட்டம் முடிந்ததும் தனியாகச் சொல்லுங்கள். மாமியாருக்குக் கீழ்த்தளத்தில் அறை கேட்டிருந்து மேல்தளத்தில் கொடுத்திருந்தாலும் இதையே செய்யுங்கள். சொன்னதோடு நிறுத்தாமல், அதே விஷயத்தை நிறுவனத்தின் செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் அனுப்பி, பிரதிநிதியின் பெயரையும் நேரத்தையும் குறித்துவைத்து, படங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை ஒரு மாதம் கழித்து நிரூபிப்பது கடினம்.

இனி, ஒருநாள் சுற்றுலாக்களை அங்கே வாங்கலாமா என்பது. இதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியே யோசிக்க வேண்டும். கிரீட்டிலேயே மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். சமாரியா பள்ளத்தாக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கீழ்நோக்கிய நடை. மலைமேல் தொடங்கி, சாலையே இல்லாத அகியா ரூமெலி என்ற கடற்கரை ஊரில் முடியும். அங்கிருந்து படகேறி வேறொரு ஊருக்குப் போய்த்தான் வண்டி பிடிக்க வேண்டும். வாடகைக் காரில் போனால் கார் மலைமேலும் நீங்கள் கடலோரத்திலும் இருப்பீர்கள். இங்கே பிரதிநிதி விற்கும் சுற்றுலா உண்மையிலேயே ஒரு சிக்கலைத் தீர்க்கிறது, கமிஷன் போனாலும் பரவாயில்லை. (பெரிய பிள்ளைகளுக்குத்தான் அது ஏற்றது; மாமியாருக்கு அறவே வேண்டாம்.) க்னோசோஸ் அரண்மனை அப்படியல்ல. ஹெராக்லியோன் நகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர்தான், நகரப் பேருந்தே போகும். நீங்கள் தங்கும் ஹோட்டல் அந்தப் பக்கம் இருந்தால் சொந்தமாகப் போவது எளிது, வெயில் ஏறுமுன் போய்த் திரும்பவும் முடியும். 1957 வரை தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த ஸ்பினலோங்கா தீவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அகியோஸ் நிக்கோலாவோஸிலிருந்து புறப்படும் படகுச் சுற்றுலாவிலும் போகலாம், எதிர்க்கரையில் இருக்கும் பிளாகா கிராமத்திலிருந்து சிறு படகில் சில நிமிடங்களிலும் கடந்துவிடலாம். காரும் முதியவரும் இருந்தால் பிளாகா வழியே நல்லது, எப்போது வேண்டுமானாலும் கிளம்பித் திரும்பலாம்.

எதை வாங்க நினைத்தாலும், கூட்டத்திலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எங்கள் ஹோட்டலில் எத்தனை மணிக்கு ஏற்றுகிறீர்கள், அதன் பிறகு இன்னும் எத்தனை ஹோட்டல்களுக்குப் போவீர்கள்? இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் விடுவதில்லை. பல இடங்களில் நின்று ஆள் ஏற்றும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வீணாகப் போவது மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய தண்டனை. நுழைவுக் கட்டணமும் மதிய உணவும் விலைக்குள் அடங்குமா, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், படிகள் எத்தனை, காற்று பலமாக வீசிப் படகு ரத்தானால் பணம் திரும்புமா என்பவையும் முக்கியம். ஏஜியன் கடற்பகுதியில் கோடையில் மெல்டெமி என்ற வடகாற்று வலுவாக அடிப்பது வழக்கம். சமாரியாவையும் கடும் வெப்பத்தில் மூடிவிடுவார்கள். ஆகவே ரத்து பற்றிய கேள்வி வெறும் சம்பிரதாயம் ஆகாது. இன்றைக்கே பதிவு செய்தால்தான் இடம் என்று சொன்னால், உச்சப் பருவத்தில் அது சில சுற்றுலாக்களுக்கு மெய்யாகவும் இருக்கலாம்; மாலை வரை இரண்டு இடம் ஒதுக்கிவைக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும்.

விலை ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். பயணம் தொடங்கிய பின் நீங்கள் தேர்ந்து வாங்கும் ஒருநாள் சுற்றுலா, பொதுவாக உங்கள் பேக்கேஜின் பகுதியாகக் கருதப்படாது. எனவே அதில் ஏதாவது நேர்ந்தால் பேக்கேஜுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதற்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பிரதிநிதியிடம் வாங்கினாலும், ரசீதில் யார் பெயர் இருக்கிறது, யாருடன் ஒப்பந்தம் என்று பாருங்கள். புறப்படும் முன்பே லண்டனில் பேக்கேஜோடு சேர்த்து வாங்கினால் நிலைமை வேறாக இருக்கக்கூடும், அதனால் நிச்சயமாகப் போகப்போகிற ஒன்றை முன்கூட்டியே சேர்ப்பது பற்றி நிறுவனத்திடம் கேளுங்கள். குவாட் பைக், மொபெட், ஜெட் ஸ்கீ ஆகியவற்றைப் பல பயணக் காப்பீட்டு பாலிசிகள் விலக்கிவைக்கின்றன அல்லது கூடுதல் கட்டணம் கேட்கின்றன. கூட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் பிரதிநிதியின் சொல்லை நம்பாமல் உங்கள் பாலிசியைத் திறந்து படியுங்கள்.

கூட்டத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய இன்னொன்று 24 மணி நேரத் தொடர்பு எண். 2023 ஜூலையில் கிரேக்கத்தின் இன்னொரு தீவான ரோட்ஸில் காட்டுத்தீ பரவியபோது ஏறத்தாழ 19,000 பேரை வீடுகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வெளியேற்றினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் சிக்கலில் இருக்கும் பயணிக்குத் தாமதமின்றி உதவுவது பேக்கேஜ் நிறுவனத்தின் சட்டக் கடமை, ஆனால் யாரை அழைப்பது என்று தெரிந்தால்தான் அந்தக் கடமையைக் கேட்டுப் பெற முடியும். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அந்த எண் வேலை செய்யும். நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை மாமியாரின் போனிலும் பெரிய பிள்ளையின் போனிலும் பதிந்துவையுங்கள்.

ஏற்கெனவே பலமுறை போன ஹோட்டல், அறையில் குறையில்லை, சிறப்புத் தேவை எதுவும் இல்லை என்றால் கூட்டத்தை விட்டுவிடுவதில் நட்டமில்லை. உங்களுக்கு அப்படியில்லை; முதல் பயணம், வயதானவர் ஒருவர், பிள்ளைகள் இருவர்.

விமானம் தாமதமாகி முதல் காலைக் கூட்டம் தவறிப்போனால் கவலைப்பட வேண்டாம். ரிசப்ஷனுக்கு அருகில் இருக்கும் நிறுவனப் பலகையிலோ கோப்பிலோ பிரதிநிதி ஹோட்டலுக்கு வரும் நேரம் எழுதியிருக்கும், செயலியிலும் பார்க்கலாம். கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும், திரும்பும் நாளுக்கு முந்தைய மாலை விமான நிலையப் பேருந்து எத்தனை மணிக்கு, ஹோட்டலின் எந்த வாசலில் நிற்கும் என்பதை அதே பலகையிலோ செயலியிலோ மறுபடி பார்த்துவிடுங்கள்; முதல் நாள் சொன்ன நேரம் விமான அட்டவணையைப் பொறுத்து மாறுவதுண்டு.