திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டியா? சூடு என்று விட்டுவிடாதீர்கள்

மூன்று வயது மகனுக்குக் கழுத்திலும் தொடையிலும் நான்காவது முறையாகச் சீழ்க்கட்டி. சீழ் கல்ச்சரில் (சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) 'செராஷியா' என்ற கிருமி வந்ததை "வெளியிலிருந்து கலந்திருக்கும்" என்று ஒதுக்கிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பார்த்த இம்யூனிட்டி (நோய் எதிர்ப்புச் சக்தி) டெஸ்ட் பேக்கேஜ் நார்மல். மூத்தவள் பெண், அவளுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார் ஒரு தாய். தன் தம்பியும் இரண்டு வயதில் இப்படிக் கட்டிகளோடு காய்ச்சலில் போனதாக எழுதியிருக்கிறார்.

அம்மா, இதைச் சூட்டுக் கட்டி என்று பத்துப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். செராஷியா சாதாரணமாக ஆரோக்கியமான குழந்தையின் தோலில் கட்டி உண்டாக்கும் கிருமி இல்லை. அது வந்தால், தாய்மாமனும் இப்படிப் போயிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சி.ஜி.டி. (க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ்) என்ற பிறவி நோய் எதிர்ப்புக் குறை. வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிவிடும், ஆனால் கொல்வதற்கான ரசாயனம் அவற்றில் ஊறாது, அவ்வளவுதான் விஷயம். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம் ஆறாமல் புண்ணானதா, அக்குளில் நெறி கட்டியதா என்றும் யோசித்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்த பேக்கேஜ் பணம் வீண். அதில் பார்ப்பது பெரும்பாலும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, சி.ஜி.டி.யில் அது நார்மலாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். வேண்டியது, வெள்ளை அணுக்களில் அந்த ரசாயனம் ஊறுகிறதா என்று பார்க்கும் டி.ஹெச்.ஆர். டெஸ்ட். ரத்தம் புதிதாக இருக்க வேண்டும், ஏஜென்ட் எடுத்து கூரியரில் இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேரும் ரத்தத்தில் வரும் முடிவை நம்பக் கூடாது, டெஸ்ட் நடக்கும் இடத்துக்கே குழந்தையைக் கூட்டிப் போங்கள். நாலு தடவை கீறியவர்கள் ஒரு தடவைதான் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெண்ணைப் பற்றி. இந்த நோயின் பொதுவான வகை தாயிடமிருந்து மகனுக்கு வருவது, அதனால் "பெண் பிள்ளைக்கு வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். தப்பு. இன்னொரு வகையில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும், அதில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொடுக்கும் நம் ஊரில் அதை ஒதுக்கவே முடியாது. நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவரா என்று எழுதவில்லை. எப்படியிருந்தாலும் அவளுக்கும் டெஸ்ட் எடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. இனி ஒரு குழந்தை பிறந்தால் டெஸ்ட் முடியும்வரை பி.சி.ஜி. வேண்டாம் என்று பிரசவ வார்டிலேயே சொல்லிவிடுங்கள்.

உறுதியானால் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்தும் தினமும், டாக்டர் சொல்லும் அளவில். வைக்கோல் போர், எருக்குழி, மக்கிய இலைக் குப்பை பக்கம் விடாதீர்கள், அதிலிருக்கும் பூஞ்சை நுரையீரலைப் பிடித்துவிடும். ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை நோயைக் குணப்படுத்தக்கூடியது. செலவுக்கு மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு, சி.ஜி.டி. அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் அந்தக் கொள்கைக்கான மையங்களில் ஒன்று. விண்ணப்பம் மையத்தின் வழியாகத்தான் போகும், கமிஷன் கேட்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.