ஒரே மாதிரி தெரியும் ஆங்கிலச் சொற்களைக் குழப்பாமல் எழுதுவது எப்படி?

லூஸ், ஸ்டேஷனரி, பிரின்சிபல் மாதிரியான இரட்டைச் சொற்களைப் பட்டியல் போட்டுப் படித்தும், எழுதும்போது மாறிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதால்தான் குழப்பம் வளர்கிறது. ஜோடியில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். அது இல்லையென்றால் மற்றது.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எஸ், இசட் இரண்டையும் தமிழில் 'ஸ்' என்றே எழுதுகிறோம். காதிலும் அப்படியே விழுகிறது. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். இசட் ஒலிக்கு அதிரும், எஸ் ஒலிக்கு அதிராது. சட்டை தொளதொளவென்று இருந்தால் அந்த லூஸ் அதிராது. அதற்கு இரண்டு ஓ. சாவியைத் தொலைக்கிற, ஆட்டத்தில் தோற்கிற லூஸ் அதிரும். அதற்கு ஒரே ஓ. விலையைச் சொல்லும் பிரைஸில் சீ, அதிராது. பரிசுக்கான பிரைஸில் இசட், அதிரும்.

இதில் ஒரு ஒழுங்கும் இருக்கிறது. அட்வைஸ் பெயர்ச்சொல்லானால் சீ, அதிராது. அட்வைஸ் பண்ணுவது, அதாவது வினை, எஸ் போட்டு எழுதினாலும் இசட்டாக அதிரும். டிவைஸும் அப்படியே. பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் ஒலி மாறாது, ஆனால் பிரிட்டிஷ் எழுத்துமுறை இதே வழக்கத்தை வைத்திருக்கிறது: பெயருக்கு சீ, வினைக்கு எஸ். சந்தேகம் வந்தால் உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள், சீதான் இருக்கும். அமெரிக்கர்கள் பிராக்டிஸுக்கு எப்போதும் சீ, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ் என்று முடித்துவிட்டார்கள். அதனால் கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், நீங்கள் சரியாக எழுதியதற்கும் சிவப்புக் கோடு போடலாம்.

ஸ்டேஷனரிக்குப் பின்னால் ஒரு கதையே இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் ஊர் ஊராகச் சுற்றி விற்றார்கள். ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டு உட்கார்ந்தவர் ஸ்டேஷனர். அவர்கள் பெரும்பாலும் புத்தகக் கடைக்காரர்கள். லண்டனில் 1403-லேயே அவர்களுக்குச் சங்கம் இருந்தது, 1557-ல் அரச சாசனமும் கிடைத்தது. பேக்கர் கடை பேக்கரி ஆனதுபோல, ஸ்டேஷனர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. ஆகவே பேக்கரி போர்டில் இருக்கிற அதே இ-ஆர்-ஒய்தான் நோட்டு, பேனா விற்கும் கடைக்கும். நகராமல் நிற்பதைச் சொல்லும் ஸ்டேஷனரிக்கு ஏ. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் வேடிக்கை.

பிரின்சிபலுக்கு, 'அவர் உன் நண்பர், அதனால் கடைசியில் பி-ஏ-எல்' என்று பள்ளியில் சொல்லித்தருவார்கள்; ஆங்கிலப் பேச்சுவழக்கில் அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு நண்பன் என்று பொருள். எனக்கு அது ஒட்டவே இல்லை. கடனின் அசலுக்கும் அதே எழுத்துதான்; அது எப்படி நண்பனாகும்? தமிழிலேயே இதைவிட நல்ல பிடி இருக்கிறது. கல்லூரி முதல்வர், வட்டியும் முதலும்: இரண்டிலும் 'முதல்'. அந்தச் சொல் 'அல்' என்று முடிகிறது, எனவே ஏ-எல். கொள்கை என்ற பொருளில் வருவதற்கு எல்-இ.

அஃபெக்ட், எஃபெக்ட் குழப்பத்துக்கு 'சைடு எஃபெக்ட்' போதும். மாத்திரையால் வருவது விளைவு, பெயர்ச்சொல், அதற்கு இ. பாதிப்பது என்ற வினைக்கு ஏ. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அன்றாடக் கடிதங்களில் அவை அபூர்வம்.

அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது என் வேலை. அதில் பார்த்தவரை, ஒருவர் திரும்பத் திரும்பத் தடுமாறுவது மூன்று நான்கு ஜோடிகளில்தான். உங்களுடையவை எவை என்று பழைய மின்னஞ்சல்களைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன் கன்ட்ரோல்-எஃப் போட்டு அவற்றை மட்டும் தேடிப் பாருங்கள்.