அண்ணாச்சி பதில்கள்: பூங்காவைச் சுற்றுகிறவர்களுக்கு

(பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, எனக்கு 44 வயது. வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஓடிப் பார்க்க ஆசை. ஆனால் பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி, விலா பிடித்து நின்றுவிடுகிறேன். இந்த வயதில் இது வேண்டாத வேலையா?
– ஒரு வாசகி, மகாராஜ நகர்

தாராளமாக ஓடலாம் தங்கச்சி. வேகத்தை மட்டும் பாதியாக்குங்கள்.

பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்துக்கு வருஷா வருஷம் விசில் ஊதியவன் நான். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. முதல் சுற்றில் கைதட்டல் வாங்குகிற பையன் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான். பின்னால் வந்தவன் சத்தமில்லாமல் தாண்டிப் போவான். பெரியவர்களும் இந்தப் பையன் மாதிரிதான். ஓட்டம் என்றாலே நமக்குத் தெரிந்தது புறப்படுகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம். அந்த வேகத்தில் யாராலும் ஒரு சுற்று வர முடியாது.

எது சரியான வேகம்? கூட வருகிற அக்காவிடம் நேற்று சொதி எப்படி வைத்தீர்கள் என்பதை முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். பாட்டுப் பாட மூச்சு பத்தாது. அதுதான் அளவு. இந்த வேகத்தில் போனால் விறுவிறுவென நடக்கிற மாமா ஒருவர் உங்களைத் தாண்டிப் போகலாம். போகட்டுமே.

முதல் 10 நிமிஷம் வழக்கம்போல நடங்கள். அப்புறம் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அடுத்த இரண்டு கம்பத்துக்கு நடை. மூச்சு அடங்கவில்லை என்றால் மூன்றாவது கம்பம் வரையும் நடங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்னால் எட்டிப் போட்டால் அடி முழுக்க முழங்காலுக்குத்தான். சுற்றுப் பாதையில் ஒரு வசதி, எங்கே நிறுத்தினாலும் வீட்டுக்கு வெகு தூரத்தில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் போதும். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படியில்லை, பழக மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 'நல்லாத்தானே ஓடுறோம்' என்று நான்காவது வாரம் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள்தான் குதிகால் வலி என்று வந்து நிற்கிறார்கள். சிமெண்ட் கல் பாவிய பாதைக்குப் பக்கத்தில் மண் இருந்தால் மண்ணில் ஓடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

யாராவது பார்ப்பார்களோ என்று வெட்கம் இருந்தால், அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: காலை ஐந்தரை மணிக்கு அவரவருக்கு அவரவர் மூச்சைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

எங்கள் பூங்காவில் பாதிப்பேர் கோவில் சுற்றுகிற மாதிரி வலமாக வருகிறார்கள். நான் மைதானத்தில் ஓடுவதுபோல இடமாக வருகிறேன். தினமும் மோதல். எது சரி?
– ஒரு வாசகர், பெருமாள்புரம்

தடகளத்தில் இடது தோள் உள்பக்கம் இருக்கும்படி ஓடுவது விதி. உங்கள் பூங்காவுக்கு அந்த விதி கிடையாது. கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போங்கள், நடக்கிறவர்கள் ஓர் ஓரம், ஓடுகிறவர்கள் இன்னோர் ஓரம் என்று வைத்துக்கொண்டால் சண்டை பாதி தீரும். நாலு பேர் கைகோத்துப் பாதையை அடைத்து நடப்பதை மட்டும் நான் மன்னிப்பதில்லை.

ஆனால் சுற்று சின்னதாக, வளைவு அதிகமாக இருந்தால், எப்போதும் ஒரே பக்கம் திரும்பி ஓடுவதில் இரண்டு காலுக்கும் சமமாகப் பாரம் விழாது. எல்லோரும் பேசி வாரம் ஒருமுறை திசையை மாற்றிக்கொள்ளுங்கள். எட்டு போட்டு நடப்பதில் அந்தத் தொல்லை இல்லை, இரண்டு பக்கமும் திரும்பிவிடுகிறீர்கள். மொட்டை மாடிக்கு அது நல்லதுதான். எட்டு போட்டால் எல்லா வியாதியும் பறந்துவிடும் என்கிற பேச்சை விட்டுவிடுங்கள்.

பலகையில் ஒரு சுற்று 350 மீட்டர் என்று போட்டிருக்கிறது. பத்துச் சுற்று நடந்தால் செல்போன் மூன்றேகால் கிலோமீட்டர்தான் என்கிறது. எது பொய்?
– ஒரு வாசகர், தியாகராஜ நகர்

இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம். செல்போன் நீங்கள் இருக்கும் இடத்தை விட்டு விட்டுக் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. வளைவில் குறுக்கே வெட்டிவிடும், தூரம் குறையும். மரம் அடர்ந்த இடத்தில் புள்ளியே தள்ளி விழும். பலகை எழுதியவர் பாதையின் உள் ஓரத்தை அளந்தாரா, வெளி ஓரத்தையா என்பதும் இருக்கிறது. ஒரு மீட்டர் வெளியே தள்ளி நடந்தாலே சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல் கூடும். சுற்று சின்னதோ பெரியதோ, கணக்கு ஒன்றுதான். 400 மீட்டர் தடத்தின் எட்டாவது பாதையில் முழுச் சுற்று வந்தால் 453 மீட்டர் ஆகிவிடும்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் சைக்கிள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு உருளலுக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துகொண்டு, நீங்கள் நடக்கிற தடத்திலேயே தள்ளிக்கொண்டு போய் உருளலை எண்ணுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை வேலையாகவும் ஆச்சு.

ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் ஓடவே முடியவில்லையே?
– ஒரு வாசகர், சமாதானபுரம்

செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அது, நாம் நிறுத்த முடியாது. மேற்கே போகிற பக்கம் எதிர்காற்றில் நடங்கள், கிழக்கே திரும்பியதும் ஓடுங்கள். அந்தக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, தண்ணீரை மறக்காதீர்கள். கண்ணில் மண் விழாமல் இருக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் ஓடலாமா?
– ஒரு வாசகி, கே.டி.சி. நகர்

மாத்திரையைப் பொறுத்தது. சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுக்கிறவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பையில் ரெண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உட்கார்ந்து வாயில் போடுங்கள்.

நடை முடிந்ததும் நண்பர்களோடு டீக்கடையில் ஒரு ஆமவடை. பலன் போய்விடுமா அண்ணாச்சி?
– ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

60 கிலோ எடையுள்ளவர் 2 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும், நடந்தால் இன்னும் குறைவு. எண்ணெயில் பொரித்த வடை ஒன்றிலேயே அது திரும்பி வந்துவிடும். எடை குறைக்கத்தான் நடக்கிறீர்கள் என்றால் வடைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. ரத்த அழுத்தம், தூக்கம், நண்பர்களோடு பேச்சு இதற்காக நடக்கிறீர்கள் என்றால் அந்தப் பலன் வடையால் போகாது. ரெண்டாவது வடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.